பழைய சுரங்கத்துல பாத்த வெடிக்குச்சியும் பாறையில மின்னுற மஞ்சளும்: மிட்ராண்ட் தம்பிக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்கா மிட்ராண்ட்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. ஐடி வேலை, சொந்த ஊரு அருப்புக்கோட்டை பக்கம். தாத்தா தோட்டத்துல கிணறு வெட்டுறப்ப பாறையில தமர் (ஓட்டை) போட்டு வேட்டு வைக்கிறத பாத்து வளந்தவரு, அப்ப பிடிச்ச ஆசை இன்னும் விடல. ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) வந்த அப்புறம் தங்கம் தேடுற வீடியோவா பாத்து, மணல அரிக்கிற தட்டு, பேன்னு சொல்லுவாங்க, அது ஒண்ணு வாங்கி, லீவு நாள்ல பார்பர்டன் மலைப்பக்கம் போக ஆரம்பிச்சிருக்காரு. அங்க ஒரு பழைய சுரங்க வாய்க்குள்ள பாறைக்குள்ள கோடு மாதிரி ஓடுற குவார்ட்ஸ் கல்லு வரி ஒண்ணுல மஞ்சளா என்னமோ மின்னியிருக்கு. அதே எடத்துல ஒரு மரப்பெட்டி, உள்ள மெழுகு பேப்பர் சுத்துன பழைய குச்சிங்க, மேல எண்ணெ மாதிரி கசிஞ்சிருந்துச்சாம். குனிஞ்சு போட்டோ எடுத்துட்டு வந்தாராம், திரும்பி வர்ற வழியெல்லாம் தலைவலியாம். அவரு கேக்குறது இதுதான்: அந்தப் பாறைய ஒடைக்க சின்னதா ஒரு வேட்டு வைக்கலாமா, தெரிஞ்ச ஒருத்தரு குச்சியும் கேப்பும் (குச்சிய வெடிக்க வைக்கிற டெட்டனேட்டர்) ஏற்பாடு பண்றேங்கிறாரு, இல்லன்னா நெட்ல பாத்து தானே கலந்துக்கலாமா, கெடைக்கிற தங்கம் நமக்கு சொந்தமா, வெடி வேலைய முறையா எப்படி கத்துக்கிறது, எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்.

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல அந்தப் பெட்டி. நீங்க சொல்ற அடையாளத்த வச்சு பாத்தா அது பழைய டைனமைட், மேல கசிஞ்சு நிக்கிறது எண்ணெ இல்ல, நைட்ரோகிளிசரின். நோபல் 1867ல டைனமைட்டுக்கு பேட்டன்ட் வாங்குனாரே, அவரு செஞ்சது என்னன்னா கொஞ்சம் அதிர்ந்தாலே வெடிக்கிற நைட்ரோகிளிசரின ஒரு வகை மண்ணுல ஊற வச்சு அடக்கி வச்சதுதான். வருஷக்கணக்கா ஈரத்துலயும் சூட்டுலயும் கெடந்தா அந்த அடக்கம் போயிரும், மருந்து வெளிய கசியும், குச்சி மேல துளி துளியா நிக்கும், சில நேரம் உப்பு பூத்த மாதிரி படியும். அந்த நெலமையில பெட்டிய நகத்தக் கூட வேண்டாம், ஒரு கல்லு மேல இருந்து உருண்டு விழுந்தா போதும். உங்க தலைவலிக்கும் அதுவே காரணமா இருக்கலாம். நைட்ரோகிளிசரின் தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உள்ள போயி ரத்தக்குழாய விரிச்சு விட்டுரும், நெஞ்சுவலிக்காரங்களுக்கு நாக்குக்கு அடியில வைக்க குடுக்குற மாத்திரையும் அதே சரக்குதான், அந்தக் காலத்து டைனமைட் ஃபேக்டரி ஆளுங்க லீவு முடிஞ்சு திங்கக்கெழமை வேலைக்கு வந்தா தலைய பிடிச்சுக்கிட்டு உக்காருவாங்க. இல்ல, அது காத்தோட்டம் இல்லாத சுரங்கத்துல ஆக்சிஜன் கொறைஞ்சதால வந்த தலைவலியா கூட இருக்கலாம், அப்படின்னா நீங்க இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா மயங்கி விழுந்திருப்பீங்க. எதுவா இருந்தாலும் அந்த வாய்க்குள்ள இனி கால் வைக்காதீங்க.

போலீஸ் நம்பர் 10111க்கு போன் போட்டு, பழைய சுரங்கத்துல வெடிமருந்து பாத்தேன், கசிஞ்சிருக்கு, இந்த எடம்னு சொல்லுங்க, போலீஸ்ல அதுக்குன்னே தனி ஆளுங்க இருக்காங்க, அவங்க வந்து பாத்துக்குவாங்க. ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டு வாங்கிக்கங்க. அந்த நெலத்துக்காரருக்கும் சொல்லிருங்க, அவரு பிள்ளைங்களோ மாடு மேய்க்கிறவங்களோ அந்தப் பக்கம் போவாங்க இல்லையா. அனுமதி இல்லாம போனதுக்கு நம்மள கேப்பாங்களோன்னு யோசிக்கிறீங்கன்னு உங்க லெட்டர படிச்சாலே தெரியுது. கேட்டா உண்மைய சொல்லுங்க, பேச்சு வாங்குனாலும் பரவாயில்ல. போட்டோவ எந்த வாட்ஸ்அப் குரூப்லயும் போடாதீங்க, எடத்த கண்டுபிடிச்சு எவனாவது எடுக்கப் போயிருவான்.

வெடிமருந்து சூட்டுல கெடந்தா என்ன ஆகும்னு ஜோபர்க்காரங்களுக்கு 1896லயே தெரியும். அந்த வருஷம் பிப்ரவரி 19ஆம் தேதி, பிராம்ஃபோன்டெய்ன் ரயில்வே யார்டுல, 50 டன்னுக்கு மேல பிளாஸ்டிங் ஜெலட்டின் (நைட்ரோகிளிசரின் சேத்து செஞ்ச வெடிமருந்து) ஏத்துன வண்டிங்க மூணு நாளைக்கு மேல வெயில்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஒரு ஷன்டிங் இன்ஜின் வந்து இடிச்சது, அவ்வளவுதான். சுமார் 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழத்துக்கு பள்ளம். 70 பேருக்கு மேல செத்தாங்க, சுத்தி இருந்த ஏழைங்க வீடெல்லாம் தரைமட்டம். தெனமும் வெடிமருந்த கையாண்டுக்கிட்டு இருந்த ஊருலயே அப்படி நடந்துச்சு.

தானே கலந்துக்கலாமான்னு கேட்டதுக்கு நான் ஒரு வரி கூட எழுத மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. லைசென்ஸ் இல்லாம செய்யிறதும் வச்சிருக்கிறதும் இங்க எக்ஸ்ப்ளோசிவ்ஸ் ஆக்ட் படி குற்றம், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், குச்சியும் கேப்பும் ஏற்பாடு பண்றேன்னு சொல்ற அந்த ஆளு. மைன்ஸ்ல ஒவ்வொரு டெட்டனேட்டருக்கும் கணக்கு உண்டு, எத்தன எடுத்தோம் எத்தன வெடிச்சுது எத்தன திருப்பி குடுத்தோம்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டாகணும். வெளிய ஒருத்தன் கையில அது சுத்துதுன்னா எங்கயோ திருடுனது, ஏடிஎம்ம ஒடைக்கிறவன் கைக்கும் அதே வழியாத்தான் போகுது. அவரு உங்களுக்கு ஃப்ரெண்டே இல்ல தம்பி, தள்ளி இருங்க. கேப் சின்னதா இருக்குன்னு நெனைக்காதீங்க, எனக்கு தெரிஞ்ச ஒருத்தரு ஒரே ஒரு கேப்புல வலது கையில மூணு விரல் இழந்தவரு, அப்புறம் சாப்பாட்ட இடது கையால எடுத்து சாப்பிட பழகுறதுக்குள்ள அந்த மனுஷன் பட்ட அவமானத்த நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

நான் கோலார் தங்கவயல்ல, கேஜிஎஃப்ல பொறந்து வளந்தவன். வீட்டுக்கு ஒருத்தராவது மைன்ஸ்ல இருந்த லைன் வீடுங்க அது, ராக் பர்ஸ்ட் வந்தா, அதாவது கீழ அழுத்தம் தாங்காம பாறை தானா வெடிச்சு சிதறுனா, தரை குலுங்கும், ஆளுங்க ஏறி எறங்குற ஷாஃப்ட்டுக்கு முன்னாடி போயி பொம்பளைங்க நிப்பாங்க யாரு மேல வர்றாங்கன்னு பாக்க. 2001 பிப்ரவரி 28ல மைன்ஸ மூடுன பின்னாடி இந்த நாட்டுக்கு வந்து இங்கயும் அதே வேலைதான், இப்ப ரிட்டயர் ஆயாச்சு. அதனால உங்க ஆசைய நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன், வேட்டு சத்தம் கேட்டு வளந்த புள்ளைக்கு அது எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். ஆனா வீடியோவுல காட்டுறது அந்த ஒரு செகண்டுதான். வேலை அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கு.

ஒரு ஸ்டோப்ல, அதாவது சுரங்கத்துக்குள்ள தாது எடுக்கிற எடத்துல, என்ன நடக்குதுன்னு சொல்றேன். நேத்து வெடிச்ச பாறை முகத்துக்கு இன்னிக்கு போறோம், மொத வேலை மேல் பாறைய கடப்பாரை மாதிரி பார் வச்சு தட்டி பாக்குறது. கணீர்னு கேட்டா பாறை இறுக்கமா இருக்கு. மொத்துனு, உள்ளுக்குள்ள காத்து இருக்கிற மாதிரி கேட்டா அது பிரிஞ்சு தொங்குது, ஒதுங்கி நின்னு இறக்கி விடணும், இறக்காம யாரும் அதுக்கு அடியில போகக்கூடாது. அப்புறம் தண்ணி அடிச்சு முகத்த கழுவி பழைய ஓட்டைங்களோட அடிப்பாகம் மிச்சம் இருக்கான்னு தேடுவோம், சாக்கெட்டுன்னு சொல்லுவோம் அத. உள்ள வெடிக்காத மருந்து தங்கியிருக்கலாம், அதுல திரும்ப டிரில் விட்டு செத்தவங்க எல்லா நாட்டு மைன்ஸ்லயும் இருக்காங்க. அதெல்லாம் முடிஞ்சு மார்க் பண்ணி, டிரில் போட்டு, மருந்து ஏத்தி, எல்லாரும் வெளிய வந்துட்டாங்களான்னு எண்ணி பாத்துட்டு தான் வெடி. பெரிய மைன்ஸ்ல ஆளுங்க எல்லாம் ஏறுன பின்னாடி ஒரே எடத்துல இருந்து மொத்தமா வெடிப்பாங்க. வெடிச்ச ஒடனே ஓடிப்போயி பாக்க முடியாது, கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் புகையும் போற வரைக்கும் மணிக்கணக்கா காத்திருக்கணும். நீங்க போன மாதிரி ஒரே வாய் உள்ள பழைய குகையில அந்தப் புகை போறதுக்கு வழியே கிடையாது, சின்ன வேட்டுன்னாலும் சரி.

இத்தனைக்கும் மேல, உங்களுக்கு அந்த வேட்டு தேவையே இல்ல. கணக்கு போட்டு பாருங்க. ஒரு கனமீட்டர் குவார்ட்ஸ் பாறை 2.6 டன் சொச்சம். டன்னுக்கு 5 கிராம் தங்கம் இருக்குன்னு வச்சுப்போம், அது நல்ல பாறை, கம்பெனிங்களே சந்தோஷப்படுற பாறை. மொத்தம் 13 கிராம். அதுவும் கட்டியா இல்ல, கண்ணுக்கே தெரியாத தூளா பாறை முழுக்க பரவி கெடக்கும், அத மாவா அரைச்சு சயனைடுல கரைச்சு எடுக்குறாங்க ஃபேக்டரியில. வெடி வச்சா உங்களுக்கு கெடைக்கிறது உடைஞ்ச கல்லு, அவ்வளவுதான். அப்புறம் கண்ணுக்கு மஞ்சளா மின்னுனது பெரும்பாலும் பைரைட்டா இருக்கும், தங்கம் மாதிரியே தெரியிற இரும்பும் கந்தகமும் கலந்த கல்லு. ஊசி முனையால குத்தி பாருங்க, பைரைட் பொடிப்பொடியா உதிரும், தங்கம் உதிராது, ஈயம் மாதிரி அமுங்கும். பாத்ரூம் டைல்ஸ் ஒண்ணு எடுத்து பின்பக்கம் பாலிஷ் இல்லாத எடத்துல தேச்சா பைரைட் கருப்பும் பச்சையுமா கோடு போடும், தங்கம் மஞ்சளாவே கோடு போடும்.

தங்கம் நமக்கு சொந்தமான்னு கேட்டீங்க. இல்ல. இந்த நாட்டுல பூமிக்குள்ள இருக்கிற கனிமம் எல்லாம் மக்கள் பொதுச்சொத்து, அரசாங்கம் காவல்காரன், 2002ஆம் வருஷத்து 28ஆம் எண் சட்டம் அப்படித்தான் சொல்லுது. நெலத்துக்காரரே சரின்னு சொன்னாலும் அவரு உங்கள உள்ள விடத்தான் முடியும், தங்கத்த தேடவும் எடுக்கவும் உரிமை அவருகிட்டயே கிடையாது, மினரல் டிபார்ட்மென்ட்ல பிராஸ்பெக்டிங் ரைட், அதாவது தேடுற உரிமை, வாங்கணும், இல்லன்னா 5 ஹெக்டேருக்குள்ள மைனிங் பெர்மிட். பொழுதுபோக்குக்கு தேடுறேன்னு தனி சலுகை எதுவும் அதுல இல்ல, ஆஸ்திரேலியாக்காரன் வீடியோவ பாத்துட்டு இங்கயும் அப்படின்னு நெனைச்சுறாதீங்க. அதுக்கு மேல 2005ஆம் வருஷத்து பிரஷியஸ் மெட்டல்ஸ் ஆக்ட், சுத்திகரிக்காத பச்சை தங்கத்த லைசென்ஸ் இல்லாம கையில வச்சிருக்கிறதே குற்றம், விக்க போனா இன்னும் மோசம். பழைய சுரங்கம் நூறு வருஷத்துக்கு மேல ஆனதா இருந்தா ஹெரிட்டேஜ் சட்டமும் உள்ள வரும், தொல்லியல் எடத்துக்கு பெர்மிட் இல்லாம மெட்டல் டிடெக்டர கொண்டு போறதே தப்பு, பார்பர்டன் பக்கம் 1880கள்ல தோண்டுனது எத்தனையோ கெடக்கு.

ஜாமா ஜாமாங்க (மூடுன சுரங்கத்துல அனுமதி இல்லாம தங்கம் தோண்டுறவங்க) பண்றாங்களேன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. பண்றாங்க, வேற வழி இல்லாம பண்றாங்க, அவங்கள கேவலமா பேச எனக்கு மனசு வராது, என் ஊருலயும் மைன்ஸ் மூடுன பின்னாடி பசியில பழைய குழிக்குள்ள எறங்குனவங்க உண்டு. ஆனா ஸ்டில்ஃபோன்டெய்ன்ல பழைய தங்கச் சுரங்கத்துல இருந்து 2025 ஜனவரியில 78 பேரோட உடம்ப மேல கொண்டு வந்தாங்க. போக்ஸ்பர்க் ஏஞ்சலோ பக்கம் 2023 ஜூலையில தங்கம் பிரிக்கிறதுக்கு வச்சிருந்த கேஸ் கசிஞ்சு 17 பேரு செத்தாங்க, குழந்தைங்களும் சேத்து. சம்பளம் வர்ற ஒரு ஆளு ஆசைக்கு அந்த எடத்துல போயி நிக்கக்கூடாது தம்பி. பாதரசம் வச்சு பிரிக்கலாம்னு யாராவது சொன்னா அதையும் கேக்காதீங்க, அத சூடு பண்ணுனா வர்ற ஆவி நரம்ப அழிச்சுரும்.

இப்ப நான் ரொம்ப ஆசையா சொல்ல நெனைக்கிறத சொல்றேன். தங்கம் தேடுறதுல ருசியான பகுதி பாறைய ஒடைக்கிறது இல்ல, அது எங்க இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது. பேன்ல ஆத்து மணல போட்டு தண்ணிக்குள்ள வச்சு குலுக்குறீங்க. குவார்ட்ஸோட அடர்த்தி 2.65, கருப்பு மணல்ல இருக்கிற இரும்புத்தாது மேக்னடைட் 5 சொச்சம், தங்கம் 19.3. குலுக்க குலுக்க லேசானது மேல வந்து கழுவிக்கிட்டு போயிரும், கடைசியா பேன் ஓரத்துல கருப்பு மணல் ஒரு வால் மாதிரி நீண்டு நிக்கும், அதோட நுனியில ஒரு புள்ளி தங்கம் இருந்தா அது அந்த எடத்த விட்டு நகராது, கருப்பு மணல் நகரும், அது நகராது. அந்தப் புள்ளிய லென்ஸ்ல பாருங்க. வழவழன்னு தட்டையா இருந்தா ரொம்ப தூரம் உருண்டு வந்திருக்கு. முனையெல்லாம் கரடுமுரடா, குவார்ட்ஸ் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்தா பக்கத்துல எங்கயோ தாய்ப்பாறை இருக்கு. பழைய காலத்து ஆளுங்க அப்படியே ஆத்த எதுத்து மேல மேல போவாங்க, ஒவ்வொரு வளைவோட உள்பக்கமும், அடிப்பாறை வெடிப்புலயும் மண்ண எடுத்து அரிச்சு எத்தன புள்ளின்னு எண்ணுவாங்க, ஒரு எடத்துல திடீர்னு புள்ளியே வராது, அப்ப அதுக்கு கீழ எங்கயோ கரையில இருந்து தான் எறங்குதுன்னு புரிஞ்சு மலைச்சரிவுல ஏறுவாங்க. வரி கெடைச்ச பின்னாடியும் ஒடனே வெடி இல்ல, சின்னதா சில்லு எடுத்து அரைச்சு, ஈயத்தோட உருக்கி, நம்ம ஆசாரிங்க புடம் போடுற மாதிரியே எலும்புச்சாம்பல் கிண்ணத்துல ஈயத்த குடிக்க விட்டு, மிஞ்சுற பொட்டு தங்கத்த எடை போட்டு பாப்பாங்க. அது தேறுனா தான் தோண்டவே ஆரம்பிப்பாங்க. வெடி எல்லாத்துக்கும் கடைசி.

இத சட்டத்துக்குள்ளயே ருசிக்க எடம் இருக்கு. பில்கிரிம்ஸ் ரெஸ்ட் போங்க, 1873ல ஆத்து மணல்ல தங்கம் கெடைச்சு உருவான ஊரு, அங்க டிக்கிங்ஸ் மியூசியத்துல பழைய முறையில மணல் அரிக்கிறத காட்டுறாங்க, பேனிங் போட்டியும் அந்த ஊருல நடக்கிறது உண்டு, கைப்பக்குவம் எப்படின்னு அங்க நின்னு பாருங்க, வீடியோவுல வராது அது. பார்பர்டன்ல இருந்து புலெம்பு போற ரோட்டுல மக்கோன்ஜ்வா ஜியோட்ரெயில் இருக்கு, 300 கோடி வருஷத்துக்கு மேல பழசான பாறைங்க ரோட்டோரமா, ஒவ்வொண்ணுக்கும் போர்டு வச்சிருக்காங்க, 2018ல யுனெஸ்கோ அந்த மலைய உலகப் பாரம்பரிய எடமா அறிவிச்சுது. சுத்தியல் எடுத்துட்டு போகாதீங்க, கண்ணு மட்டும் போதும். ஜோபர்க்லயே மினரல் கிளப்புங்க இருக்கு, அனுமதி வாங்கி கூட்டமா போறவங்க, கல்லு பாக்க தெரிஞ்ச பெரியவங்க கூட ஒரு நாள் நடந்தா ஒரு வருஷ வீடியோவுக்கு சமம்.

வெடி வேலை கத்துக்கணும்னா, நிஜமாவே கத்துக்கணும்னா, அது ஒரு தொழில், பொழுதுபோக்கா வச்சுக்க வழி இல்ல. இங்க பிளாஸ்டிங் டிக்கெட்டுன்னு சொல்லுவாங்க, மைன்லயோ குவாரியிலயோ வேலைக்கு சேந்து, டிக்கெட் உள்ள ஒருத்தர் கீழ பழகி, பரீட்சை எழுதி வாங்குறது. உங்க வயசுல ஐடிய விட்டுட்டு அதுக்கு போங்கன்னு நான் சொல்லல. ஆனா நீங்க கம்ப்யூட்டர் ஆளு, இப்ப எலக்ட்ரானிக் டெட்டனேட்டர் வந்த பின்னாடி எந்த ஓட்டை எத்தன மில்லிசெகண்ட் தள்ளி வெடிக்கணும்னு சாஃப்ட்வேர்ல தான் டிசைன் பண்றாங்க, அதிர்வு அளவு, பாறை எப்படி சிதறுது எல்லாம் டேட்டா. விட்ஸ், பிரிட்டோரியா ரெண்டு யூனிவர்சிட்டியிலயும் மைனிங் டிபார்ட்மென்ட் இருக்கு, ஷார்ட் கோர்ஸ் ஏதாவது ஓடுதான்னு கேட்டு பாருங்க. உங்க கைத்தொழிலோட இந்த ஆசைய சேக்குறதுக்கு அந்தக் கதவு தான் தெறந்திருக்கு, அதுல போனீங்கன்னா ஒரு நாள் நெஜமான குவாரியில, ஹெல்மெட் போட்டு, தள்ளி நின்னு, நீங்க போட்ட டைமிங்ல பாறை எழும்பி விழுறத பாப்பீங்க, எனக்கே அது எத்தன தடவ பாத்தாலும் நெஞ்சு படபடன்னு அடிக்கும்.

டிடெக்டர் இப்ப வேண்டாம். நல்ல தங்க டிடெக்டருக்கு பெரிய காசு ஆகும், அத வச்சு தேடுறதுக்கு உங்களுக்கு உரிமையும் இல்ல, அந்த ஊரு பாறையில இரும்பு ஜாஸ்தி, எங்க வச்சாலும் கத்திக்கிட்டே இருக்கும். ஒரு 10எக்ஸ் லென்ஸ், ஒரு காந்தம், அந்த ஒடைஞ்ச டைல்ஸ், இது போதும். வீட்டுக்காரம்மா பயப்படுறாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அவங்களையும் கூட்டிக்கிட்டு ஜியோட்ரெயிலுக்கு போங்க, வழியில மூணு பாறை பாத்து என்னென்னன்னு நீங்களே முடிவு பண்ணி எனக்கு எழுதுங்க, சரியா தப்பான்னு சொல்றேன்.